கல்லடியில் மாரி: வீட்டை விட்டுவிடலாமா?

கனடாவில் இருந்து நவம்பரில் இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பில் இருக்கும் கல்லடிக்கு வந்து, ஓயாத மழை, சீறும் கடல், சப்பாத்தில் பூஞ்சணம் என்று நொந்துபோய், வாடகை வீட்டை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். நீங்கள் வந்திறங்கியது சரியாக மாரிக்குள். வடகீழ்ப் பருவமழை இங்கே தை வரைக்கும் கொட்டும். தெற்குக் கரைப் படங்களில் டிசம்பர் வெயிலைப் பார்த்திருப்பீர்கள், இந்தக் கரைக்கு அது எதிர்மாறு. சித்திரைக்குப் பிறகு கடல் அடங்கும், பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். அறுகம்பேயிலும் அப்போதுதான் அலைச்சறுக்குக் கூட்டம் சேரும். அப்புறம் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வந்து வறுத்தெடுக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அலமாரியைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், அதன் கதவைப் பூட்டி வைக்காதீர்கள். வெயில் எட்டிப் பார்த்தால் சப்பாத்தும் தலையணையும் உடனே முற்றத்துக்குப் போக வேண்டும். உப்புக்காற்றில் இரும்புப் பூட்டு இறுகிவிடும், பித்தளைப் பூட்டு நல்லது. நுளம்பு வலை கட்டாயம்.

வீட்டை விடுவதென்றால் காரணம் ஒன்றுதான்: வெள்ளம். சுவரின் அடியில் பழைய தண்ணீர்க் கறை தெரிகிறதா பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்.