வாசகர் கேள்வி – பதில்: குடிபெயர்ந்த பின் ஊர் அனுமதிப்பத்திரத்தில் எவ்வளவு காலம் வாகனம் ஓட்டலாம்?

வெளிநாட்டுக்குப் புறப்பட ஆயத்தமாகும் இளையவர்களிடமிருந்தும், பிள்ளைகளை அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் பெற்றோரிடமிருந்தும் சாரதி அனுமதிப்பத்திரம் பற்றி அண்மையில் நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: என் கணவர் லண்டனில் வசிக்கிறார். எனக்கு வாழ்க்கைத்துணை விசா கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் புறப்படுகிறேன். எனது இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் 2031 வரை செல்லுபடியாகும். அதுவரை அங்கே அதைக் கொண்டே கார் ஓட்டலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். ஓராண்டுதான் ஓட்டலாம், ஆனால் இடையில் ஊருக்கு வந்து திரும்பினால் மறுபடியும் ஓராண்டு கிடைக்கும் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி?
— வாசகி, கொக்குவில்

பதில்: இரண்டும் சரியல்ல. அட்டையில் அச்சிட்டிருக்கும் 2031 என்ற ஆண்டு, இலங்கை கொடுத்த அனுமதி எப்போது முடிகிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. பிரித்தானிய வீதியில் அதற்கு எவ்வளவு காலம் மதிப்புண்டு என்பதைத் தீர்மானிப்பது அந்நாட்டுச் சட்டம். அதன்படி, இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் நீங்கள் வதிவாளராகும் நாளிலிருந்து 12 மாதங்கள் மட்டுமே ஓட்டலாம். குடியேறும் நோக்கத்துடன் செல்லும் உங்களுக்கு, விமானத்திலிருந்து இறங்கும் நாளையே முதல் நாளாக எண்ணிக்கொள்வது பாதுகாப்பானது. கோயில் திருவிழாவுக்கோ வீட்டுக் கலியாணத்துக்கோ ஊருக்கு வந்து போவதால் உங்கள் வதிவிடம் மாறிவிடுவதில்லை என்பதால், அந்த 12 மாதக் கணக்கும் புதிதாகத் தொடங்குவதில்லை.

அவுஸ்திரேலியா, சிங்கப்பூர், தென்னாபிரிக்கா போன்ற சில நாடுகளின் அனுமதிப்பத்திரங்களை அங்கே பரீட்சையின்றி மாற்றிக்கொள்ளலாம். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லாதபடியால், நீங்கள் பயிலுநர் அனுமதிப்பத்திரம் எடுத்து, எழுத்துப் பரீட்சையிலும் செய்முறைப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். எழுத்துப் பரீட்சையில் 50 வினாக்களில் 43க்குச் சரியான விடை வேண்டும். அதே அமர்வில், காணொளியில் ஆபத்தை முன்கூட்டியே கண்டுகொள்ளும் பகுதியில் 75 புள்ளிகளுக்கு 44 எடுக்க வேண்டும். அந்தச் சித்தி 2 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும்.

பயிலுநர் அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டால் அன்றிலிருந்து எல் பலகை மாட்டி, பக்கத்தில் ஒருவரை இருத்தித்தான் ஓட்ட வேண்டும் என்று அஞ்சிப் பலர் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது. முதல் 12 மாதம் முடியும்வரை அந்தக் கட்டுப்பாடுகள் உங்களுக்குப் பொருந்தா. செய்முறைப் பரீட்சைக்குத் திகதி கிடைக்கப் பல இடங்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால், போய் வீடு, வங்கிக் கணக்கு என்று ஒழுங்காகியவுடனேயே விண்ணப்பித்துவிடுங்கள். பத்தாம் மாதத்தில் விழித்துக்கொண்டால், ஊரில் பல ஆண்டுகள் ஓட்டிய ஒருவர் 12 மாதம் முடிந்த மறுநாள் தனியே காரை எடுக்க முடியாத நிலைக்கு வந்துவிடுவார். அதன் பின்னர் எல் பலகையுடன், 21 வயதுக்குக் குறையாத, 3 ஆண்டுகளாக முழு அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் ஒருவரின் மேற்பார்வையில்தான் ஓட்டலாம். அதை மீறினால் காப்புறுதி நிறுவனமும் கையை விரித்துவிடக்கூடும். காப்புறுதியின்றி ஓட்டுவோருக்குப் பொலிஸார் விதிக்கும் தண்டம் 300 பவுண். அத்துடன் 6 தண்டப் புள்ளிகளும் பதியப்படும். வாகனத்தையே எடுத்துச் செல்லவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. புதிதாக அனுமதிப்பத்திரம் பெற்ற 2 ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் அந்த அனுமதிப்பத்திரமே இரத்தாகிவிடும் நாட்டில் இது சிறிய விடயமல்ல.

இன்னொன்று. ஓட்டோ கியர் காரில் பரீட்சை எடுத்தால் ஓட்டோ கியர் வாகனத்துக்கு மட்டுமே அனுமதி கிடைக்கும். உங்களுக்குக் கியர் மாற்றி ஓட்டும் பழக்கம் இருக்குமானால் அந்த வகைக் காரிலேயே பரீட்சைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் கையில் இருந்தால் எந்த நாட்டிலும் ஓட்டலாம் என்கிறார்களே? இணையத்தில் 10 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் அட்டை விற்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: வாங்க வேண்டாம். அந்தப் பணம் முழுவதும் நட்டம். சர்வதேச அனுமதிப்பத்திரம் என்பது, உங்களிடம் ஏற்கனவே உள்ள அனுமதிப்பத்திரத்தின் விபரங்களைப் பல மொழிகளில் எடுத்துக்காட்டும் சிறு புத்தகம். மூல அனுமதிப்பத்திரம் கூடவே இல்லாவிட்டால் அதற்குப் பெறுமதி இல்லை. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையின் கீழ் வழங்கப்படும் புத்தகம் ஓராண்டுக்கு மட்டுமே செல்லுபடியாகும். ஆகவே 10 ஆண்டு என்று விளம்பரம் செய்பவர் விற்பது அதுவல்ல. மூல அனுமதிப்பத்திரத்தைத் தந்த நாட்டில்தான் இதையும் எடுக்க வேண்டும். இலங்கையில் இதை வழங்குவது கொழும்பில் உள்ள, 1904இல் தொடங்கப்பட்ட இலங்கை ஓட்டோமொபைல் சங்கம். போன பின் அந்நாட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் கிடைக்காது.

குறுகிய காலப் பயணிகளுக்கும், நமது அட்டைக்கு மொழிபெயர்ப்புக் கேட்கும் நாடுகளுக்குச் செல்வோருக்கும் இது உதவும். குடியேறியவருக்கு அந்நாடு கொடுக்கும் காலவரையறையை இந்தப் புத்தகம் ஒரு நாளேனும் நீட்டிக்காது.

கேள்வி: என் மகன் நிரந்தர வதிவிட அனுமதியுடன் ரொறன்ரோவுக்குச் செல்கிறார். ஏழு ஆண்டுகளாக இங்கே கார் ஓட்டுகிறார். அங்கே பழகுநராக முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? இங்கிருந்து ஏதேனும் கடிதம் கொண்டுபோக வேண்டுமா?
— ஒரு தந்தை, மானிப்பாய்

பதில்: நீங்கள் இதை அவர் புறப்படுமுன் கேட்டிருப்பது பெரிய நன்மை. ஏனெனில் இவ்விடயத்தில் பாதி வேலை யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதே முடிக்க வேண்டியது.

கனடாவில் இவ்விதிகளை மாகாணங்களே வகுக்கின்றன. ரொறன்ரோ அமைந்துள்ள ஒன்ராறியோவில், புதிதாகக் குடியேறியவர் தன் நாட்டு அனுமதிப்பத்திரத்தைக் கொண்டு 60 நாட்கள் மட்டுமே ஓட்டலாம். பிரித்தானியாவின் ஓராண்டை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் இங்கேதான் தவறிவிடுகிறார்கள். 60 நாள் என்பது வேலை தேடி, வீடு பார்த்து முடிப்பதற்குள் ஓடிவிடும்.

ஒன்ராறியோவில் ஜி1, ஜி2, ஜி என்று மூன்று படிகள் உண்டு. ஜி1 எழுத்துப் பரீட்சையில் வீதி விதிகள் பற்றி 20 வினாக்கள், வீதிச் சமிக்ஞைகள் பற்றி 20 வினாக்கள். ஒவ்வொரு பகுதியிலும் 16க்குச் சரியான விடை வேண்டும். அதைத் தமிழிலும் எழுதலாம் என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். புதிதாகப் பழகும் ஒருவர் ஜி1 எடுத்தபின் அடுத்த படிக்கு 12 மாதங்களும், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நெறியை முடித்திருந்தால் 8 மாதங்களும் காத்திருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. கடந்த 3 ஆண்டுகளுக்குள் 2 ஆண்டுகளோ அதற்கு மேலோ அனுமதிப்பத்திரத்துடன் ஓட்டியதை எழுத்தில் நிரூபித்தால், எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்த பின் நேரே இறுதிப் படியான ஜி செய்முறைப் பரீட்சைக்குத் தோற்றலாம்.

அந்த நிரூபணமே நீங்கள் கேட்ட கடிதம். அனுமதிப்பத்திரம் வழங்கிய அதிகாரசபையிடமிருந்தோ, தூதரகத்திடமிருந்தோ அது வர வேண்டும். தூரதேசத்தில் இருந்துகொண்டு தொலைபேசியில் அலைவதைவிட, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் இங்கிருந்தே ஆங்கிலத்தில் உறுதிப்படுத்தல் கடிதம் பெற்றுக் கையோடு கொண்டுபோவது எளிது. கடிதம் கைக்கு வந்தவுடன் அதைக் கடவுச்சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தகப்பன் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கி எழுதும் நமது வழக்கத்தால், ஓர் ஆவணத்தில் முதலெழுத்தும் மற்றொன்றில் முழுப்பெயரும், இன்னொன்றில் வேறு ஆங்கில எழுத்துக்கூட்டலும் இருப்பது இங்கே சாதாரணம். நமக்கு அது ஒரே ஆள் என்று தெரியும். கருமபீடத்தில் இருக்கும் கனடிய உத்தியோகத்தருக்குத் தெரியாது. பிறந்த திகதி, அனுமதிப்பத்திர இலக்கம், வாகன வகை, முதன்முதலில் வழங்கிய திகதி ஆகியவையும் கடிதத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த முதல் திகதி மிக முக்கியம். புதுப்பித்த திகதி மட்டும் இருந்தால் ஏழு ஆண்டு அனுபவம் ஏழு மாத அனுபவமாகத் தோன்றிவிடலாம்.

அட்டைத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் பலருக்குத் தாளில் அச்சிட்ட தற்காலிக அனுமதிப்பத்திரமே கிடைத்தது. மகனிடம் இருப்பதும் அதுவானால், அட்டையைப் பெற்றுக்கொண்டே அவர் புறப்பட வேண்டும்.

செய்முறைப் பரீட்சையைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே வாகனம் வலப்பக்கமாகச் செல்கிறது என்பதை எல்லோரும் மனதில் வைத்திருப்பார்கள்; தோற்பவர்கள் பெரும்பாலும் அதனால் தோற்பதில்லை. நமது ஒழுங்கைகளில், சந்தியை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, கோணை அடித்து, எதிரே சைக்கிள் வராவிட்டால் அப்படியே உருட்டிக்கொண்டு போய்விடுவோம். ஒன்ராறியோவில் நிறுத்தற் பலகை உள்ள சந்தியில் ஆளே இல்லாவிட்டாலும், கோட்டுக்கு முன்னால் சில்லு முற்றாக நிற்க வேண்டும். நான்கு பக்கமும் நிறுத்தற் பலகை இருந்தால் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். சிவப்பு விளக்கிலும், தடைப்பலகை இல்லாத இடத்தில், முற்றாக நின்று பார்த்தபின் வலப்பக்கம் திரும்பலாம். சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டு பாடசாலை பஸ் நின்றால், நடுவே தடுப்பு இல்லாத வீதியில் எதிர்த்திசையில் வருபவரும் நிற்க வேண்டும். தடம் மாறும்போது கண்ணாடியைப் பார்த்தால் மட்டும் போதாது. தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிப் பார்ப்பதைப் பரீட்சகர் கண்ணால் காண வேண்டும். ஏழு ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் அங்கே ஒரு பயிற்றுநருடன் சில மணி நேரம் ஓடிப் பழகுவது வீண் செலவல்ல என்பது எனது உறுதியான கருத்து. ஜி பரீட்சையில் தவறினால் ஜி2 பரீட்சைக்குத் தோற்றலாம்; வழி அடைபட்டுவிடாது.

கேள்வி: மகள் திருமணமாகிச் சுவிற்சர்லாந்து செல்கிறாள். அங்கே ஒரு தடவை ஓட்டிக் காட்டினால் போதும் என்கிறார்கள். உண்மையா? ஜேர்மனியிலும் அப்படித்தானா?
— வாசகி, சாவகச்சேரி

பதில்: சுவிற்சர்லாந்தைப் பொறுத்தவரை உண்மைதான், ஆனால் அந்த “ஒரு தடவை” என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் இலங்கை அனுமதிப்பத்திரத்தில் ஓட்டலாம். அதற்குள், தான் வசிக்கும் கன்ரனின் (மாநிலத்தின்) வீதிப் போக்குவரத்து அலுவலகத்தில், கண் பரிசோதனைச் சான்றுடன் மாற்றத்துக்கு விண்ணப்பித்து, நிபுணர் ஒருவருடன் கட்டுப்பாட்டு ஓட்டம் ஓடிக் காட்ட வேண்டும். அதில் தவறினால் மறுபடியும் அதே ஓட்டத்துக்கு வாய்ப்பில்லை. இலங்கை அனுமதிப்பத்திரத்தைக் கொண்டு அங்கே ஓட்டும் உரிமையும் அத்துடன் போய்விடும். பின்னர் பயிலுநராகவே தொடங்க வேண்டும். ஆகவே போன கிழமையிலேயே துணிச்சலுடன் திகதி எடுக்காமல், சில மாதங்கள் பழகிய பின் செல்வதே நல்லது. பலகையோ விளக்கோ இல்லாத சந்தியில் வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்ற விதியை மகள் நன்றாகப் பழகிக்கொள்ளட்டும். பெரிய வீதியில் செல்பவருக்கே முதலிடம் என்ற நமது பழக்கம் அவ்விடத்தில் ஆளைக் கவிழ்த்துவிடும்.

ஜேர்மனியில் வதிவிடம் பதிந்தபின் 6 மாதங்கள்தான். அதன் பின் எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை இரண்டிலும் சித்தியடைய வேண்டும். எழுத்துப் பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் இல்லை.

கேள்வி: லண்டனில் இருக்கும் அண்ணா நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்துடன் வருகிறார். இங்கே வாடகைக்குக் காரும் மோட்டார் சைக்கிளும் எடுத்து, பிரித்தானிய அனுமதிப்பத்திரத்திலேயே ஓட்டலாம் என்கிறார். சரியா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: பிரித்தானிய அட்டை மட்டும் போதாது. அவர் புறப்படுமுன் 1949 வகைச் சர்வதேச அனுமதிப்பத்திரத்தை அங்கே எடுத்துவர வேண்டும். பிரித்தானியாவில் 2024 ஏப்ரலிலிருந்து பேபொயின்ற் எனும் கட்டணம் செலுத்தும் வசதியுள்ள கடைகளில் அதைப் பெறலாம். அதைக் கொண்டு கொழும்பில் இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்திடம் அங்கீகாரப் பத்திரம் பெற்ற பின்னரே ஓட்டலாம். சர்வதேசப் புத்தகம் இல்லாமல் வந்துவிட்டால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வெரஹெர அலுவலகத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுப் பயணிகளுக்கான தற்காலிக அனுமதிப்பத்திரக் கருமபீடம் 2025இல் கட்டுநாயக்க விமான நிலையத்திலும் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபின் இதற்காக மறுபடி கொழும்புக்கு 400 கிலோமீற்றர் போக நேராதபடி, இறங்கிய அன்றே அலுவலை முடித்துவிட்டு ஏ9 வீதியில் ஏறச் சொல்லுங்கள்.

மோட்டார் சைக்கிள் தனி வகை. அண்ணாவின் பிரித்தானிய அனுமதிப்பத்திரத்தில் மோட்டார் சைக்கிளுக்கான உரிமை இல்லாவிட்டால், கார் ஓட்டும் உரிமை இங்கே அதற்குச் செல்லாது. வாடகைக்குக் கொடுப்பவர் அனுமதிப்பத்திரத்தைக் கேளாமலே திறப்பைக் கையில் தந்துவிடக்கூடும். ஆனாலும் விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது அந்தப் பத்திரத்தைத்தான். வாடகை ஒப்பந்தத்தில் அங்கீகாரப் பத்திரத்தின் இலக்கத்தை எழுதுவித்து, பிரதியொன்றைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.