ஓராண்டுத் தலைவரின் கையில் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

நான் பொது அறுவை சிகிச்சை மருத்துவன். எங்கள் அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கத்தின் துணைத் தலைவராக இருக்கிறேன். விதிப்படி அடுத்த ஆண்டு தலைவர் பொறுப்பு எனக்கு வரும், பதவிக்காலம் ஓராண்டுதான். எனக்கு முன்பிருந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு திட்டத்தை அறிவித்தார்கள், அடுத்தவர் வந்ததும் அது காணாமல் போயிற்று. ஆண்டு மாநாட்டைத் தவிர சங்கம் என்ன செய்கிறது என்று கேட்டால் உறுப்பினர்களுக்கே பதில் தெரிவதில்லை. அந்த மாநாட்டுச் செலவிலும் பெரும்பகுதி மருந்து நிறுவனங்களும் கருவி நிறுவனங்களும் தருவது.

இதற்கிடையில் மூத்த உறுப்பினர் ஒருவர் மேல் எழுத்தில் ஒரு புகார் வந்திருக்கிறது. அவருடைய நோயாளிகளுக்கு நேரும் சிக்கல்கள் வழக்கத்துக்கு மேல் என்றும், பயிற்சி மருத்துவர்களை ஆபரேஷன் தியேட்டரில் எல்லோர் முன்னும் இழிவாகப் பேசுகிறார் என்றும் அதில் இருக்கிறது. “யாராவது இரண்டு பேர் அவரைத் தனியே பார்த்துப் பேசிவிட்டு வரட்டும்” என்பது செயற்குழுவில் பெரும்பாலோரின் கருத்து. அவர் என்னுடைய ஆசிரியரும்கூட. ஓராண்டில் ஒரு தலைவரால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று இவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள டாக்டர்,

பதவிக்காலம், பணம், புகார் என்று மூன்றைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சில ஆண்டுகள் இப்படிப்பட்ட செயற்குழுக்களில் உட்கார்ந்தவன் என்ற முறையில், இவை மூன்றும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. தன் உறுப்பினரைப் பார்த்து “இது கூடாது” என்று உங்கள் சங்கத்தால் சொல்ல முடியுமா என்பதே அந்த இடம். மாநாடு நடத்தவும், மலர் வெளியிடவும், பயிலரங்கு வைக்கவும் பணமும் ஆர்வமும் போதும். ஆனால் சந்தா கட்டி, வாக்களித்து, உங்களை அந்த நாற்காலியில் அமர்த்தியவர்களில் ஒருவரையே நிறுத்திக் கேள்வி கேட்பதற்குத் தேவையான வலிமை எந்தத் தலைவருக்கும் அவருடைய பேராலோ கைத்திறனாலோ வருவதில்லை. தேவை எழுவதற்கு முன்பே, யார் மீது பாயும் என்று தெரியாத காலத்தில், விதியாக எழுதி வைக்கப்பட்டிருந்தால் மட்டுமே அது கிடைக்கும்.

இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர்கள் கல்லூரி 1913 இல் நிறுவப்பட்டது. பெயர் கல்லூரி என்றாலும் அது உங்கள் சங்கத்தைப் போன்ற ஒரு தொழில் அமைப்புதான். அதே காலத்தில் பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சை முடிந்தபின் ஓராண்டேனும் தொடர்ந்து பார்த்து, சிகிச்சை பலித்ததா, இல்லையென்றால் ஏன் என்று பதிவு செய்ய வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு உபதேசம் செய்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. தம் சொந்த மருத்துவமனையிலிருந்து 1911 முதல் 1916 வரை வீடு திரும்பிய 337 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டு, அவற்றில் 123 பிழைகள் நேர்ந்ததாகத் தாமே அச்சில் ஒப்புக்கொண்டார். 1915 இல், தாம் தலைமை வகித்த மருத்துவர் கூட்டமொன்றில், நகரத்தின் மருத்துவப் பெரியவர்களைக் கேலி செய்யும் ஒரு பெரிய கேலிச்சித்திரத்தைத் திரை விலக்கிக் காட்டினார். தலைமைப் பொறுப்பை விடும்படி அவரிடம் கேட்டார்கள். அவர் சொன்னது சரி என்பதிலும், சொன்ன விதத்தால் சொந்த ஊரில் துணை இல்லாமல் போனார் என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

ஆயினும் அவருடைய எண்ணம் அந்தக் கல்லூரிக்குள் வேறு வழியாக நுழைந்தது. மருத்துவமனைகளைத் தரப்படுத்தும் அதன் குழுவுக்கு அவர்தான் தலைவராக இருந்தார். பின்னர் கல்லூரி ஒரே பக்கத்தில் அடங்கும் குறைந்தபட்சத் தரவிதிகளை வகுத்தது. மருத்துவர்கள் கட்டணத்தைத் தமக்குள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, குறிப்பிட்ட இடைவெளியில் கூடித் தங்கள் சிகிச்சை முடிவுகளை ஆராய வேண்டும், ஒவ்வொரு நோயாளிக்கும் முழுமையான பதிவு இருக்க வேண்டும் என்பவை அவற்றுள் சில. நூறும் அதற்கு மேலும் படுக்கைகள் கொண்ட 692 மருத்துவமனைகளை அந்த அளவுகோலால் அளந்தபோது தேறியவை 89. அந்த எண்ணிக்கையை 1919 இல் மாநாட்டில் அறிவித்தார்கள். ஆனால் எந்தெந்த மருத்துவமனை தேறவில்லை என்ற பட்டியல் செய்தியாளர்கள் கையில் சிக்கிவிடக் கூடாது என்று, மாநாடு நடந்த நியூயார்க் விடுதியின் உலையிலேயே போட்டு எரித்துவிட்டார்கள்.

எரித்ததைக் கோழைத்தனம் என்றே நான் கருதுகிறேன். பெரும் பேரெடுத்த மருத்துவமனைகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆனால் அவர்கள் எரித்தது பட்டியலை மட்டுமே என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த ஒரு பக்க விதிகளை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். 1950 அளவில் 3,200 க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் அங்கீகாரம் பெற்றிருந்தன. அடுத்த ஆண்டு அந்தப் பணிக்கென்றே பல மருத்துவ அமைப்புகள் சேர்ந்து ஒரு கூட்டு ஆணையத்தை உருவாக்கின. இத்தனை காலம் எத்தனையோ தலைவர்கள் மாறிமாறி வந்து போனார்கள். வேலை மட்டும் நிற்காததற்கு ஒரு காரணம், கல்லூரியை நிறுவிய ஃபிராங்க்ளின் மார்ட்டின் 1935 இல் இறக்கும் வரை அதன் நிர்வாகப் பொறுப்பைத் தம் கையிலேயே வைத்திருந்தார் என்பது.

அப்படியானால் ஒருவரையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். அதன் விளைவுக்கு லண்டனில் பதில் இருக்கிறது. 1800 இல் அரச சாசனம் பெற்ற அங்குள்ள அறுவை சிகிச்சை நிபுணர்கள் கல்லூரியை ஆண்ட குழுவினர் ஆயுட்கால உறுப்பினர்கள். ஓர் இடம் காலியானால் யாரை நியமிப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். சாதாரண உறுப்பினருக்கு அதில் எந்தச் சொல்லும் இல்லை. 1823 இல் ‘தி லான்செட்’ இதழைத் தொடங்கிய தாமஸ் வேக்லி இதை வாரந்தோறும் தாக்கி எழுதினார். 1831 இல் கல்லூரி அரங்கிலேயே எதிர்ப்புத் தெரிவித்தபோது காவலர்கள் அவரை வெளியே இழுத்துப் போனார்கள். ஆயுட்கால முறைக்கு முடிவு கட்டி, குழுவைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஃபெல்லோக்கள் எனப்படும் உயர்நிலை உறுப்பினர்களுக்குத் தந்த புதிய சாசனம் வர 1843 வரை ஆயிற்று. அப்போதும் ஃபெல்லோ ஆகாத உறுப்பினர்களுக்கு வாக்கு கிடைக்கவில்லை.

ஆகவே உங்கள் ஓராண்டுப் பதவிக்காலத்தைக் குறையாக நினைக்காதீர்கள். தலைவர் விரைவில் மாறுவது நல்லது. செயலாளரும் அவரோடு சேர்ந்து மாறுவதுதான் சங்கத்தின் நினைவை அழிக்கிறது. செயலாளருக்கும் பொருளாளருக்கும் குறைந்தது மூன்றாண்டு, மறுமுறை ஒரு தடவை மட்டும் என்று வரம்பு, செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்கினர் மட்டும் ஆண்டுதோறும் மாறும் ஏற்பாடு ஆகியவை இருந்தாலே உங்கள் கடிதத்தின் முதல் பாதிக் கவலை தீர்ந்துவிடும். புதிய திட்டம் எதையும் நீங்கள் அறிவிக்க வேண்டாம் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். இப்போதைய தலைவரையும் உங்களுக்குப் பின் வரப்போகிறவரையும் ஒன்றாக உட்கார வைத்து, மூவருக்கும் பொதுவான ஒரே வேலையைத் தேர்ந்தெடுங்கள். அப்படிச் செய்தால் அந்த வேலைக்கு மூன்றாண்டு கிடைக்கும். சுற்றறிக்கையால் ஆவது குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்ச அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை முதலில் சோதித்த எட்டு மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009 இல் ஆய்வு வெளியானது. ஆனால் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் அதையே 101 மருத்துவமனைகளில் கட்டாயமாக்கியபின் செய்த ஆய்வு, குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை என்று 2014 இல் சொன்னது. அந்த முரணுக்குப் பல விளக்கங்கள் தரப்பட்டன. மேலிருந்து வரும் ஆணைக்குக் கீழே தாளில் டிக் அடித்து அனுப்புவது எவ்வளவு எளிது என்பது தியேட்டரில் நின்ற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தேர்தலைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. நானும் ஒன்று மட்டும் சொல்கிறேன். மாநாட்டு இடத்திலேயே வாக்குப்பெட்டி வைக்கும் சங்கங்களில், மாநாடு எந்த ஊரில் நடக்கிறது என்பதே பாதி முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. அஞ்சல் வழியாகவோ இணையம் வழியாகவோ எல்லா உறுப்பினரும் வாக்களிக்க வழி செய்யுங்கள். வேட்பாளரைப் பரிந்துரைக்கும் குழு முன்னாள் தலைவர்களால் மட்டுமே ஆனதாக இருந்தால், அது லண்டனின் பழைய ஏற்பாட்டுக்கு மிக அருகில் இருக்கிறது என்று பொருள்.

பணத்துக்கு வருவோம். நிறுவனங்களிடம் ஒரு காசும் வாங்கக் கூடாது என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தத் தூய்மையோடு நடக்கும் மாநாட்டுக்கு இளம் மருத்துவர்கள் கட்ட முடியாத கட்டணம் வைக்க வேண்டியிருக்கும். எங்கே கோடு போடுவது என்பதுதான் கேள்வி. கண்காட்சி அரங்கில் இடம் வாடகைக்கு எடுப்பது வணிகம். எந்த அமர்வில் யார் பேச வேண்டும் என்று நிறுவனம் சொல்லத் தொடங்கினால் அது கல்வி ஆகாது. நிகழ்ச்சி நிரலை வகுக்கும் குழுவுக்கும் நன்கொடை திரட்டும் குழுவுக்கும் இடையே ஒரே ஆள்கூடப் பொதுவாக இருக்கக் கூடாது. ஒரு கருவியைப் பற்றிய சிகிச்சை வழிகாட்டியை எழுதும் குழுவில், அந்தக் கருவியைச் செய்யும் நிறுவனத்திடம் ஆலோசனைக் கட்டணம் வாங்குபவர் வாக்களிக்கக் கூடாது. மாநாட்டுக்கென்று உள்ளூர் அமைப்புக் குழு தனி வங்கிக் கணக்கு தொடங்குவது வழக்கம். மிச்சம் எவ்வளவு என்பதும் அது எங்கே போயிற்று என்பதும் பல சங்கங்களில் மாநாட்டோடு மறக்கப்பட்டுவிடுகின்றன. அந்தக் கணக்கும் சங்கத்தின் தணிக்கைக்கு உட்பட வேண்டும், குறிப்பிட்ட நாளுக்குள் மூடப்பட வேண்டும் என்று எழுதுங்கள். இதற்கு வரும் எதிர்ப்பைப் பார்த்தாலே விதி எவ்வளவு தேவை என்பது விளங்கும்.

புகார்தான் கடினமானது. இரண்டு பேர் தனியே போய்ப் பேசிவிட்டு வருவதில் கருணை இருக்கிறது, பதிவு இல்லை. அதனால் அவர் மேல் வரும் அடுத்த புகாரும் முதல் புகாராகவே கருதப்படும், அதற்கடுத்ததும் அப்படியே. எழுதியவர் பயிற்சி மருத்துவராக இருந்தால், நாளை அவருடைய தேர்வறையிலோ பரிந்துரைக் கடிதத்திலோ அந்த மூத்தவரின் கை இருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டுக்கும் பொதுவான ஆஸ்திரலேஷிய அறுவை சிகிச்சை நிபுணர்கள் கல்லூரி 2015 இல் ஒரு வல்லுநர் குழுவைக் கொண்டு தன் ஃபெல்லோக்களிடமும் பயிற்சியில் இருப்பவர்களிடமும் கேட்டபோது, 49 சதவீதத்தினர் தாங்கள் பாகுபாட்டுக்கோ, மிரட்டலுக்கோ, துன்புறுத்தலுக்கோ, பாலியல் தொல்லைக்கோ ஆளானதாகச் சொன்னார்கள். அந்த எண்ணை வெளியிட்டு, அன்றைய தலைவர் டேவிட் வாட்டர்ஸ் கல்லூரியின் சார்பில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பட்டியலை உலையில் போட்ட 1919 ஐ இதன் அருகில் வைத்துப் பார்த்தால், ஒரு தொழில் அமைப்பு எவ்வளவு தூரம் வர முடியும் என்பது தெரிகிறது.

அதே நேரம், அறுவை சிகிச்சைத் துறையில் புகார்கள் போட்டியாலும் எழுகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புகாரின் நகலும், பதில் சொல்லப் போதிய காலமும், மேல்முறையீட்டுக்கு வேறொரு குழுவும் கிடைத்தே ஆக வேண்டும். சிக்கல்கள் அதிகம் என்ற குற்றச்சாட்டைச் செவிவழிச் செய்தியை வைத்து ஆராய முடியாது. பிறர் கைவிட்ட நோயாளிகளை ஏற்பவரின் எண்கள் எப்போதும் மோசமாகவே தெரியும். நோயாளியின் வயது, உடன் இருக்கும் நோய்கள், அவசர நிலை ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு ஒப்பிட்டால்தான் நியாயம் பிறக்கும். பிரிட்டனின் இதய அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கம் 1977 முதலே சிகிச்சை முடிவுகளுக்கான பதிவேடு வைத்திருந்தது. இருந்தும் பிரிஸ்டல் நகரில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சையில் வழக்கத்துக்கு மேல் நேர்ந்த இறப்புகளைப் பற்றிய விசாரணை அறிக்கை 2001 இல் வந்த பிறகுதான், ஒவ்வொரு நிபுணரின் முடிவுகளையும் பெயரோடு வெளியிடும் நிலைக்கு அந்தத் துறை வந்தது. பதிவேடு இருப்பது ஒன்று, அதைத் திறந்து பார்க்கும் துணிவு இன்னொன்று. மூன்று தலைவர்களுக்கும் பொதுவான ஒரு வேலை என்று மேலே சொன்னேனே, என்னைக் கேட்டால் அது இந்தப் பதிவேடுதான். உங்கள் உறுப்பினர்கள் அதிகம் செய்யும் ஒரே ஓர் அறுவை சிகிச்சையை எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். முதலில் எண்கள் அவரவருக்கு மட்டும் தெரியட்டும்.

இந்தப் புகாருக்குப் பதிவேடு வரும்வரை காத்திருக்க முடியாது. சங்கம் உரிமம் வழங்கும் அமைப்பாக இல்லாதவரை, அது அதிகபட்சம் உறுப்பினர் தகுதியைத்தான் பறிக்க முடியும். நோயாளிகளுக்கு உடனடி ஆபத்து என்று தோன்றும் எதையும் அவர் பணிபுரியும் மருத்துவமனைக்கும் உரிமம் வழங்கும் அமைப்புக்கும் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். அதை விசாரிக்கும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது. பயிற்சி மருத்துவர்களை இழிவாக நடத்தியது பற்றிய பகுதியை உங்கள் ஒழுங்கு நடவடிக்கைக் குழு எடுத்துக்கொள்ளட்டும். அந்தக் குழுவில் அவரிடம் பயின்றவர், அவருக்கு நோயாளிகளை அனுப்புபவர், அவரோடு போட்டியிடுபவர் யாரும் இருக்கக் கூடாது. ஒருவரேனும் அறுவை சிகிச்சைத் துறைக்கு வெளியே இருந்து வர வேண்டும். இப்படி வடிகட்டினால் உங்கள் பகுதியில் ஆளே மிஞ்சமாட்டார்கள் என்றால், வேறு பகுதிச் சங்கத்திடம் ஆள் கேளுங்கள். கேட்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

அந்தக் குழுவில் நீங்களும் இருக்க முடியாது. அவர் உங்கள் ஆசிரியர் என்ற ஒன்றே போதும். இந்தப் பொருள் விவாதத்துக்கு வரும் கூட்டங்களில் நான் தலைமை வகிக்கவோ வாக்களிக்கவோ மாட்டேன் என்று, காரணத்தையும் குறிப்பிட்டு, செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, அதைக் கூட்டக் குறிப்பேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு நாற்காலியில் அமர்ந்த பிறகு எழுதினால், பொறுப்பிலிருந்து நழுவுவதாகச் சிலருக்குத் தோன்றும். துணைத் தலைவராக இருக்கும்போதே, இந்த மாதக் கூட்டத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.