ஊட்டிக் குளிருக்குக் காய்கறி சூப்

கேள்வி: கணவரின் வேலை மாற்றலில் திருச்சியிலிருந்து ஊட்டிக்கு வந்திருக்கிறோம். கேரட், பீன்ஸ், கோஸ் எல்லாம் பச்சைப் பசேலென்று கிடைக்கிறது, ஆனால் சூப் மட்டும் சரியாக வருவதில்லை. பாசிப்பருப்பு லேசில் வேகாது, கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் நீர்த்துவிடுகிறது, மிளகுத்தூள் போட்டும் வாசனையே இல்லை. என்ன செய்யலாம்?
வாசகி, ஊட்டி

பதில்: பருப்பு வேகாததற்குக் காரணம் உங்கள் ஊரின் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. அதனால் குக்கர்தான் வழி, திருச்சியில் வைத்ததைவிட ஒன்றிரண்டு விசில் கூடவே விடுங்கள்.

கார்ன்ஃப்ளாரை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். தக்காளிப் புளிப்போடு சேர்ந்து ரொம்ப நேரம் கொதித்தால் அது இளகிவிடும், காய்களின் ருசியையும் மழுக்கிவிடும். 4 பேருக்கு 2 மேஜைக்கரண்டி பாசிப்பருப்பு, 2 கேரட், 2 தக்காளி, ஒரு பெரிய வெங்காயம், பாதி நூல்கோல் போதும். குக்கரில் ஒரு ஸ்பூன் நெய் விட்டு சின்னத் துண்டு பட்டை, 2 கிராம்பு, ஒரு பிரிஞ்சி இலை, அப்புறம் நசுக்கிய இஞ்சியும் 6 பல் பூண்டும் போட்டு வாசம் வரும்வரை வதக்குங்கள். மலைப்பூண்டு கிடைத்தால் விடாதீர்கள், காரம் அதில்தான். நெய்யில் வதங்கினால்தான் மசாலாவின் மணம் முழுசாக இறங்கும், நேரே தண்ணீரில் போட்டால் பாதிகூட வராது. பிறகு காய், பருப்பு, 5 டம்ளர் தண்ணீர் சேர்த்து வேகவைத்து, பட்டை, கிராம்பு, இலையை எடுத்துவிட்டு மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் அடித்துக் கூழாக்க வேண்டாம், அங்கங்கே காய் கடிபட வேண்டும். கெட்டித்தன்மை பருப்பிலிருந்தே வந்துவிடும்.

பொடியாக நறுக்கிய பீன்ஸையும் கோஸையும் கடைந்த பிறகு போட்டு, அவை வேகும்வரை மட்டும் கொதிக்கவிடுங்கள். கோஸ் அதிகமாக வெந்தால் ஒரு கந்தக நாற்றம் வரும், பல வீடுகளில் குழந்தைகள் சூப்பை ஒதுக்குவதே அதனால்தான்.

சரி, மிளகுக்கு வருவோம். பொடியாக வாங்கி மாதக்கணக்கில் வைத்தால் வாசனை போய்விடும், கொதிக்கவிட்டால் மிச்சமும் ஆவியோடு போகும். ஒரு ஸ்பூன் மிளகும் அரை ஸ்பூன் சீரகமும் லேசாக வறுத்து, அப்போதைக்கப்போது கொரகொரப்பாகத் தட்டி, அடுப்பை அணைத்ததும் தூவி மூடிவையுங்கள். எலுமிச்சையும் அப்போதுதான், கொதிக்கும்போது பிழிந்தால் கசக்கும்.

கேள்வி: மூன்று வயதுக் குழந்தைக்கு இதைக் கொடுக்கலாமா? சளிக்குக் கேட்குமா?
வாசகர், குன்னூர்

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். மிளகு தூவுவதற்கு முன்பே குழந்தைக்குத் தனியாக எடுத்து, பீன்ஸை நன்றாக மசித்து, ஆறவைத்துக் கொடுங்கள். சூடான சூப்பின் ஆவி மூக்கடைப்பைக் கொஞ்சம் இளக்கும், தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான், சளியைத் தீர்க்கும் மருந்தாக நினைக்க வேண்டாம். காய்ச்சலோ மூச்சிரைப்போ இருந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.