900 அடி போருக்குப் பணம் அனுப்பலாமா?

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே எங்களுக்கு நான்கு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. அங்குள்ள 300 அடி போர் (ஆழ்துளைக் கிணறு) மாசி பிறந்தாலே வற்றிவிடுகிறது. 900 அடியில் புதிய போர் போட அண்ணன் பணம் கேட்கிறார். மழை பெய்யத்தான் செய்கிறது. பிறகு தண்ணீர் எங்கே போகிறது? பணம் அனுப்பலாமா? (வாசகர், ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. திருமயம் வட்டாரம் கடும்பாறைப் பகுதி. அங்கே நிலத்தடி நீர் மேலே உள்ள சிதைந்த பாறை அடுக்கிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். ஆழம் கூடக்கூட வெடிப்புகள் இறுகி அருகிவிடுவதால், 300 அடியில் நிலைக்காத நீர் 900 அடியில் கிடைக்கும் வாய்ப்பு பொதுவாகக் குறைவு. அப்படியே கிடைத்தாலும் அது நெடுங்காலமாகச் சேர்ந்த இருப்பு. இறைத்துத் தீர்த்துவிட்டால் ஒரு பருவமழையில் மீளாது.

தண்ணீர் எங்கே போகிறது என்று நீங்கள் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. ஓரிடத்தில் பெய்யும் மழை, அங்கே நிலமும் பயிரும் ஆவியாக இழக்கக்கூடிய நீரின் அளவில் 65 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் அதை வறண்ட நிலம் என்று வகைப்படுத்துகிறார்கள். ஆகவே மழை குறையாமலே ஒரு நிலம் வறண்டு போகலாம். வெப்பம் கூடினாலே போதும். காற்று ஒரு டிகிரி சூடேறும்போது அது தாங்கக்கூடிய ஈரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. அதனால் மழையில்லாத நாட்களில் மண்ணிலுள்ள ஈரத்தைக் காற்று முன்னிலும் வேகமாக உறிஞ்சிக்கொள்கிறது. மழை வரும்போதோ சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கிறது. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. இரண்டின் சராசரியைப் பார்த்து ‘மழை பெய்யத்தான் செய்கிறது’ என்று சொல்லிவிடலாம், ஆனால் செம்மண்ணுக்கு நீரை உள்வாங்க நேரம் வேண்டும். கொட்டுகிற மழையில் பெரும்பகுதி ஓடிவிடும்.

எனவே பணத்தை அந்த ஓட்டத்தை நிறுத்துவதில் போடுங்கள். ஓர் ஏக்கரில் பெய்யும் 50 மில்லிமீட்டர் மழை ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர். அதில் கால்பங்கு ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு ஏக்கரிலிருந்து ஒரே மழையில் இரண்டு லட்சம் லிட்டர் வெளியேறுகிறது. நிலத்தின் தாழ்ந்த மூலையில் ஐந்து லட்சம் லிட்டர் கொள்ளும் பண்ணைக்குட்டை ஒன்றை வெட்டி, சரிவுக்குக் குறுக்கே வரப்புகளை உயர்த்தினால், நிலக்கடலையில் விழுது இறங்கும் பருவத்தில் மழை ஏமாற்றும்போது, பயிரைக் காப்பாற்ற இரண்டு ஏக்கருக்கு ஓர் உயிர்த்தண்ணீர் கொடுக்கலாம். குட்டை அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருந்தால் ஆவியாகும் இழப்பு குறையும்; சரளை மண்ணில் கசிந்து இறங்கும் நீரும் வீணல்ல, அது உங்கள் பழைய போருக்கும் அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கும் போய்ச் சேரக்கூடும்.

உங்கள் ஊர்க் கண்மாயையும் மறந்துவிடாதீர்கள். அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துவாரி தூர்ந்துபோயிருந்தால் எத்தனை மழை பெய்தாலும் கண்மாய் நிரம்பாது. தைலமரத் தோட்டங்களில் எழுப்பும் வரப்புகள் ஓடுநீரை மறித்துவிடுகின்றன என்பது அம்மாவட்ட விவசாயிகளின் நெடுநாள் குறை. உங்கள் வரத்துவாரியும் அப்படி அடைபட்டிருக்கிறதா என்று அண்ணனை நடந்து பார்த்துவரச் சொல்லுங்கள். வட்டாட்சியரின் அனுமதி பெற்றுக் கண்மாய் வண்டலை எடுத்து வயலில் பரப்பினால் மண்ணில் ஈரம் கூடுதல் நாட்கள் நிற்கும்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை பெறும் சிங்கப்பூரே தன் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை நீர்ப்பிடிப்புப் பகுதியாக வைத்திருக்கிறது. அங்குள்ள நியூவாட்டர் என்னும் மறுசுழற்சி நீரையும் கடல்நீர்ச் சுத்திகரிப்பையும் திருமயத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் ஓடும் மழையைப் பிடித்துவைக்கும் வழக்கம் திருமயத்தில் ஏற்கெனவே கண்மாயாக இருக்கிறது.

வேலையை ஆடிக்குள் முடித்தால்தான் ஐப்பசி மழையைப் பிடிக்க முடியும். பண்ணைக்குட்டைக்கு அரசு மானியம் கிடைக்குமா என்று வேளாண்மைப் பொறியியல் துறையில் முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். அதன்பிறகும் போர் போட்டே ஆகவேண்டும் என்று அண்ணன் நினைத்தால், நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அதன் மின்தடையை அளக்கும் ஆய்வு செய்து நீரோட்டம் பார்க்காமல் போர் வண்டியை நிலத்துக்குள் விடவேண்டாம். அதுவரை பழைய போரின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை அளந்து எழுதிவைக்கட்டும். தை முதல் சித்திரை வரையுள்ள அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.