மூடியில்லா ஜாடியும் பழமில்லா ஜாமும்

கமலா ஆரஞ்சு மலிந்துவிட்டது போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி மார்மலேட் (ஆரஞ்சுத் தோலோடு கிளறும் ஜாம்), ஜாம், ஊறுகாய் பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கமலா ஆரஞ்சில் இரண்டு முறை மார்மலேட் கிளறினேன். இரண்டு முறையும் பாகாகவே நின்றுவிட்டது. அதை உறையவைக்கும் பெக்டின் தூள் 100 கிராம் 450 ரூபாயாம். எந்த பிராண்டு வாங்கலாம்?
— வாசகி, கோவை

எதையும் வாங்க வேண்டாம். காசு கொடுத்து வாங்க நினைக்கும் அதே பெக்டினைத்தான் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அது விதையிலும் தோலுக்கு உட்புறம் உள்ள வெள்ளைப் பகுதியிலும் இருக்கிறது. இரண்டையும் மெல்லிய துணியில் முடிந்து, பொடியாக நறுக்கிய தோலோடு இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிடுங்கள். மறுநாள் முடிச்சோடு வேகவையுங்கள். தோல் துண்டு ஒன்றை விரல்களுக்கிடையே அழுத்தினால் மசிய வேண்டும். அதற்கு முன்பே சர்க்கரையைக் கொட்டினால், பிறகு எத்தனை நேரம் கொதித்தாலும் தோல் விறைத்தேதான் கிடக்கும். முடிச்சு ஆறியதும் பிழியுங்கள். கொழகொழவென்று வழிவதுதான் சரக்கு.

கமலாவில் புளிப்பும் குறைவு. கிலோவுக்கு இரண்டு எலுமிச்சம்பழம் சேருங்கள். கசப்பு பிடிக்குமென்றால் கொஞ்சம் நார்த்தங்காய் சேர்க்கலாம். அதில் வெள்ளைச் சதை தடிமன். ஆங்கிலேயர்கள் ஜனவரி பிறந்தால் செவில் ஆரஞ்சைத் தேடி அலைவது அதன் புளிப்புக்கும் கசப்புக்கும் பெக்டினுக்கும்தான்.

பதம் 104, 105 டிகிரி செல்சியஸ். அதற்காக வெப்பமானி வாங்க ஓடாதீர்கள். நான் வாங்கியது, சென்னையில், கொதிக்கிற தண்ணீரில் 94 என்று காட்டுகிறது. சின்னத் தட்டை ஃப்ரீசரில் வைத்து, அதில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே ஏடு சுருங்கினால் அடுப்பை அணைக்கலாம்.

அடுப்பிலிருந்து இறக்கிய மார்மலேடைப் புது ஜாடியில் ஊற்றியதும் ஜாடி விரிசல் விட்டுவிட்டது. கழுவிய ஈரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். கடைக்காரர் மாற்றித் தருவாரா?
— வாசகர், திருநெல்வேலி

தர மாட்டார். தரவும் வேண்டாம்.

'மிக்ஸட் ஃப்ரூட்' என்று போட்ட பாட்டில் வாங்கினேன். வெறும் சர்க்கரை. படம் இணைத்துள்ளேன்.
— வாசகி, திருச்சி

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கத்தில் ஐந்து பழங்கள் பளபளக்கின்றன. 'ஜாம்' என்ற சொல் எங்கும் இல்லை. 'ஃப்ரூட் ஸ்ப்ரெட்' என்று இருக்கிறது. கெட்டிக்காரர்கள்! ஜாம் என்று பெயர் வைத்தால் பழம் 45 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி. ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரிக்கு மட்டும் 25. பெயரை மாற்றினால் அந்த வேலி இல்லை. பின்பக்கத்தில் சேர்மானங்களை எடை அதிகமுள்ளதில் தொடங்கி இறங்குவரிசையில் அச்சிட வேண்டும். உங்கள் பாட்டிலில் சர்க்கரை முதலில், தண்ணீர் அடுத்து, பழக்கூழ் மூன்றாவது. உங்களை ஏமாற்றியது முன்பக்கம். உண்மையைச் சொல்லியிருக்கிறது பின்பக்கம். வழக்கு நிற்காது. அடுத்த முறை பாட்டிலைத் திருப்பிப் படித்துவிட்டுக் கூடையில் போடுங்கள்.

ஊறுகாய்க்கு இந்துப்பு நல்லதா?
— வாசகர், ஈரோடு

விற்பவருக்கு நல்லது. கல்லுப்பு போதும்.

தள்ளுபடியில் 12 'ஏர்டைட்' கண்ணாடி ஜாடிகள் வாங்கினேன். எலுமிச்சை ஊறுகாய் போட்டு ஒரு மாதத்தில் மூடிகளின் உட்புறம் துருப்பிடித்துவிட்டது. மூடி மட்டும் கேட்டால், 'செட்டாகத்தான் வாங்க வேண்டும்' என்கிறார்கள்.
— வாசகி, சேலம்

பழைய புண்ணைக் கீறிவிட்டீர்கள். என் வீட்டுப் பரணில் மூடியில்லாத ஜாடிகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. அவையும் தள்ளுபடியில் வந்தவைதான்.

தகர மூடியின் உட்புறம் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. ஓரத்தில் ரப்பர் போன்ற வளையம் இருக்கும். பூச்சில் கரண்டி ஒரு கீறல் போட்டால் போதும், உப்பும் புளிப்பும் உள்ளே புகுந்து தகரத்தை அரித்துவிடும். வளையமோ, சூட்டில் ஒருமுறை ஜாடியின் வாயில் அழுந்திய பிறகு அடுத்த முறை அதே பிடிப்பைத் தராது. ஆக, ஜாடி ஆயுளுக்கும் உழைக்கும், மூடி உழைக்காது. அமெரிக்காவில் திருகுமூடி போட்ட மேசன் கண்ணாடி ஜாடிக்கு, 1858இல் காப்புரிமை பெற்ற அதே ஜாடிக்கு, மூடித் தகடுகளைத் தனியாகப் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். நம் கடைகள் அந்த ஜாடியின் அழகை மட்டும் இறக்குமதி செய்தன, மூடியை விட்டுவிட்டன. மூடி கெட்டால் ஜாடியையும் சேர்த்து வாங்கு என்பது வியாபாரமா, வழிப்பறியா?

'ஏர்டைட்' என்பதையும் நம்பாதீர்கள். தண்ணீர் நிரப்பி, மூடி, செய்தித்தாள் மேல் அரைமணி நேரம் கவிழ்த்து வையுங்கள். தாள் நனைந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள். வாங்குமுன் ஜாடி வாயின் அளவை மில்லிமீட்டரில் கேளுங்கள். 63, 82 போன்ற வழக்கமான அளவென்றால் பாட்டில் மொத்த வியாபாரிகளிடம் மூடி தனியாகக் கிடைக்கும். ஊறுகாய்க்குத் தகர மூடியே வேண்டாம். பிளாஸ்டிக் மூடி போட்ட பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் எத்தனை வீடுகள் ஆவக்காயைக் காப்பாற்றின! பீங்கான் ஜாடி இருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் அட்டைப்பெட்டியில் 'ஊறுகாய்க்கு ஏற்றது' என்று அச்சிட்டிருந்தால் விடாதீர்கள். பில்லோடும் துருப்பிடித்த மூடியின் படத்தோடும் கடைக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

பீன்ஸ், காளான், பூண்டு எல்லாம் பாட்டிலில் அடைத்துக் குக்கரில் வேகவைத்து அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கிறார்கள், வீடியோவில் பார்த்தேன். எந்தக் குக்கர் வாங்கலாம்?
— வாசகர், ஓசூர்

வாங்காதீர்கள். அவர்கள் பயன்படுத்துவது அதற்கென்றே செய்த, அழுத்தமானி வைத்த பெரிய கலன். நம் சாம்பார் குக்கர் அதுவல்ல. மார்மலேடிலும் எலுமிச்சை ஊறுகாயிலும் புளிப்பு காவல் நிற்கிறது. காய்கறியில் அது கிடையாது. காற்றில்லாத பாட்டிலுக்குள் பொட்டுலிசம் என்ற, உயிருக்கே ஆபத்தான நோயைத் தரும் நஞ்சைச் சுரக்கும் கிருமி வளரும். வெறும் கொதிநீரில் அதன் வித்துகள் சாவதில்லை. பாட்டில் கெட்டது வாசனையில்கூடத் தெரியாமல் போகலாம். ஃப்ரீசர் இருக்கிறதல்லவா?

வாட்ஸ்அப் குழுவில் 'வீட்டுத் தயாரிப்பு, கெமிக்கல் இல்லை' என்று கடாரங்காய் ஊறுகாயும் நெல்லிக்காய் ஜாமும் விற்றார் ஒருவர். ஓய்வூதியப் பணத்தில் 2,400 ரூபாய் அனுப்பினேன். பொருள் வரவில்லை, என் எண்ணையும் தடுத்துவிட்டார். பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
— வாசகர், கும்பகோணம்

ஐயா, முதலில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். படித்தவர்களும் இதில் விழுகிறார்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்புண்டு. பரிவர்த்தனை எண், உரையாடல், விளம்பரப் படம் எதையும் அழிக்காதீர்கள். வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். உணவு விற்பவர் வீட்டில் செய்தாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு பெற வேண்டும். 14 இலக்க எண் இருக்கும். அதைக் கேட்டால் நேர்மையான அம்மாக்கள் உடனே அனுப்புவார்கள், மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அந்த ஆளின் கைபேசி எண்ணை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். நான் என்ன செய்ய? காவல் நிலையத்தில் கொடுங்கள், இன்றைக்கே.