ஆஸ்திரேலிய ஃபேன்டம் இதழ்: அட்டை உள்ளூர் ஓவியமா?

நண்பரே, ஃபேன்டம் என்ற முகமூடி நாயகனின் காமிக்ஸை ஆஸ்திரேலியாவில் வெளியிடும் ஃப்ரூ நிறுவனத்தின் இதழ் ஒன்றை வைத்திருக்கிறீர்கள்; அதில் ஆண்டும் இல்லை, ஓவியர் கையெழுத்தும் இல்லை, அட்டை அங்கேயே வரைந்ததா என்று கேட்கிறீர்கள். காலத்தை அறிய முதலில் விலையைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் டாலர், சென்ட் வந்தது 1966 பிப்ரவரி 14இல். ஷில்லிங், பென்ஸ் விலை மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. பழைய, புதிய நாணய விலை இரண்டும் அச்சாகியிருந்தால் மாற்றக் காலத்து இதழ். பழைய புத்தகக் கடை முத்திரையில் உள்ள விலையை நம்பாதீர்கள்.

ஃப்ரூ 1948இல் ஃபேன்டமைத் தொடங்கியபோது உள்ளே போட்டது அமெரிக்க நாளிதழ்களில் வந்த படக்கதைத் தொடர்கள். நாளிதழ்த் தொடருக்கு ஏது அட்டை? அதனால் உள்ளூரிலேயே வரைய வேண்டியிருந்தது. அட்டையில் உள்ள உருவத்தை உள்பக்கக் கட்டங்களோடு ஒப்பிடுங்கள். அதே நிலை, ஆனால் கோடு தடிமனாகவும் நிழல்கோடுகள் குறைவாகவும் இருந்தால், உள்ளூர்க்காரர் கட்டத்தைப் பார்த்து வரைந்தது. இடவலம் திருப்பியும் போட்டிருக்கலாம், கண்ணாடியில் பாருங்கள்.

பிற்கால இதழ் என்றால் ஸ்வீடனின் ஃபேன்டம் இதழான ஃபேன்டோமனின் அட்டைகளோடும் ஒப்பிட வேண்டும்; அங்கிருந்து எடுத்த ஓவியமாகவும் இருக்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் என்ற காமிக்ஸ் விவர இணையதளத்தில் இதழ் எண்ணைத் தேடுங்கள். ஓவியர் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தால் அது ஊகம், விற்பனை விளம்பரத்தில் உறுதியாக எழுதிவிடாதீர்கள்.

ஸ்கேன் செய்ய இதழை அழுத்தி விரிக்க வேண்டாம். துருப்பிடித்த ஸ்டேப்பிள் அட்டையைக் கிழித்துவிடும்.