‘கமிட்டில கேள்வி கேக்க வைக்க 40,000 ரூபா’ன்னு ஒருத்தர் வந்து நிக்கிறார், குடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். தூத்துக்குடி மாவட்டத்துல வில்லுப்பாட்டுக் குழு நடத்துறேன், பாட ஆரம்பிச்சு 31 வருஷம் ஆச்சு. மத்திய கலாச்சார அமைச்சகத்தோட குரு-சிஷ்யப் பரம்பரை உதவித்தொகை எங்க குழுவுக்கு ரெண்டு வருஷம் ஒழுங்கா வந்துச்சு, இந்த வருஷம் நின்னுபோச்சு, போன் எடுக்கவே ஆளில்ல. பக்கத்து வானொலி நிலையத்துல மாசம் ஒரு வில்லுப்பாட்டு ரெக்கார்டிங் இருக்கும், அதுவும் இல்ல, கேட்டா மேலிடத்து உத்தரவுங்கறாங்க. இப்ப டெல்லில ஆள் இருக்குன்னு ஒருத்தர் வந்து, 40,000 குடுத்தா பார்லிமென்ட் கமிட்டில ஒரு எம்பிய வச்சு நம்ம விஷயத்த கேக்க வைக்கலாம், கேட்ட மறுவாரம் பணம் வந்துரும்ங்கறார். குடம் அடிக்கிற பையன் அவங்க அம்மா நகைய அடகு வைக்கிறேன்னு நிக்கிறான். செய்யலாமா?

பதில்: அண்ணாச்சி, அந்த நகை வீட்டுலயே இருக்கட்டும், முதல்ல அந்தப் பையன்கிட்ட அதச் சொல்லிருங்க. மத்தத அப்புறம் பேசுவோம்.

நான் டெல்லில பத்து வருஷம் எம்பி ஆபீஸ்ல கேள்வி எழுதிக் குடுக்கற வேலைதான் பாத்தேன், அதனால சொல்றேன், பார்லிமென்ட்ல கேள்வி கேக்கறதுக்கு ஒத்த ரூபா செலவு கிடையாது. ஒரு பக்கம் எழுதி எம்பியோட உதவியாளர் கையில குடுத்தா போதும், நல்ல விஷயமா இருந்தா அவங்களே தேடி எடுத்துக்குவாங்க, ஏன்னா கூட்டத்தொடர் வந்துட்டா கேள்விக்கு விஷயம் கிடைக்காம அல்லாடுறதே அவங்கதான். 2005 டிசம்பர்ல கேள்வி கேக்க காசு வாங்குனது கேமராவுல மாட்டி 11 எம்பிக்கள பதவிய விட்டே நீக்குனாங்க, லோக்சபாவுல 10 பேர், ராஜ்யசபாவுல ஒருத்தர், 2007ல சுப்ரீம் கோர்ட்டும் நீக்குனது செல்லும்னு சொல்லிருச்சு. அதுக்கப்புறமும் உங்க வீட்டு வாசல்ல நின்னு கேள்விக்கு விலை சொல்றாருன்னா, அந்தப் பணம் எந்த எம்பிகிட்டயும் போகாது, அவர் பையோட நின்னுரும். அதோட இன்னொண்ணு, 2018ல ஊழல் தடுப்புச் சட்டத்த திருத்துனதுக்கு அப்புறம் லஞ்சம் குடுக்குறதும் தனிக் குற்றம், நாளைக்கு விசாரணைன்னு வந்தா அவர் நழுவிருவார், நீங்க குடத்தையும் உடுக்கையையும் வச்சிட்டு ஸ்டேஷன்ல உக்காந்திருப்பீங்க.

இப்ப கமிட்டி விஷயத்துக்கு வாரேன். துறைவாரி நிலைக்குழுன்னு 24 கமிட்டி இருக்கு, ஒவ்வொண்ணுலயும் 31 பேர், லோக்சபா 21, ராஜ்யசபா 10. பட்ஜெட் கூட்டத்தொடர் நடுவுல சபைக்கு லீவு விடுவாங்கள்ல, அப்பதான் இவங்க அமைச்சக அதிகாரிங்கள உக்கார வச்சு ஒதுக்குன பணம் எங்க போச்சு, ஏன் செலவாகலன்னு கேப்பாங்க. கேக்கறது கதவைச் சாத்திக்கிட்டு, நீங்க டிவில பாக்க முடியாது. முக்கியமா, அமைச்சகத்தோட அன்றாட நிர்வாக விஷயத்துக்குள்ள கமிட்டி போகக்கூடாதுன்னு சபை விதியிலயே இருக்கு. உங்க குழுவுக்கு வர வேண்டிய ஒரு காசோலை அன்றாட நிர்வாகம்தான். அந்த ஆள் சத்தியமாவே ஒரு எம்பிக்குச் சொந்தக்காரரா இருந்தாலும், இந்தக் கமிட்டில உங்க ஃபைல தூக்கிப் பேச வழியே இல்ல. பேசுனாலும் கமிட்டி குடுக்கறது சிபாரிசு மட்டும்தான், அதுக்கு அரசாங்கம் பதில் சொல்லவே மூணு மாசம் டைம். மறுவாரம் பணம் வரும்ங்கறது சுத்தப் பொய்.

உங்க ரெண்டு கஷ்டமும் ஒரே கமிட்டிக்குப் போறதும் இல்ல. கலாச்சாரம் வேற கமிட்டி, போக்குவரத்து, சுற்றுலாவோட சேத்து ஒரே மூட்டையா கட்டி வச்சிருக்காங்க, ராஜ்யசபா செயலகம் பாக்குது. வானொலி தகவல் தொழில்நுட்பக் கமிட்டில வருது, அது லோக்சபா பக்கம். நாடு முழுக்க இருக்கற கூத்துக்காரன் வில்லுக்காரன் பொழப்ப, ரோடு கப்பல் விமானத்தோட ஒரே மேஜையில வச்சா எத்தன நிமிஷம் கிடைக்கும் சொல்லுங்க. இத பத்து வருஷம் பக்கத்துல இருந்து பாத்து எனக்கு ஆத்தாமைதான் மிச்சம்.

உங்க பணம் ஏன் நின்னுச்சுன்னு முதல்ல பாக்கணும். பத்துல எட்டு பேருக்கு நான் பாத்த காரணம் ஒண்ணே ஒண்ணு, செலவுச் சான்று. யூசின்னு சொல்வாங்க, 12-ஏ படிவம். போன நிதியாண்டு வாங்குன பணத்துக்கு இந்தச் சான்று ஒழுங்கா சேராம அடுத்த பணம் நகராது. உங்க ஆபீஸ் காப்பிய எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. ஆடிட்டர் கையெழுத்துக்குக் கீழ 18 இலக்கத்துல யூடின் நம்பர், அதாவது ஆடிட்டர் குடுக்கற ஒவ்வொரு சான்றுக்கும் உள்ள தனி அடையாள எண், இருக்கா? 2019க்கு அப்புறம் அது இல்லாத சான்று செல்லாது. சிஷ்யர்களுக்குக் குடுத்த தொகையோட கூட்டலும் பேங்க் பாஸ்புக்கும் ஒத்துப் போகுதா? ஒரு தோல்பாவைக் குழுவுக்கு 350 ரூபா வித்தியாசத்துல ஒரு வருஷப் பணமே நின்னுச்சு, பேங்க் பிடிச்ச சர்வீஸ் சார்ஜ கணக்குல எழுதல, அம்புட்டுதான். அத ஒரு போன்ல சொல்லிருக்கலாம் டெல்லில இருக்கறவங்க, சொல்லல, அந்தப் பெரியவர் எட்டு மாசம் தபால்காரரயே பாத்துட்டு இருந்தார். அதனால ஆடிட்டர் ஆபீஸ்லயும் கவனமா இருங்க, ‘நான் பாத்துக்கறேன் அண்ணாச்சி’ன்னு வெத்துப் பேப்பர்ல கையெழுத்து கேட்டா போடவே போடாதீங்க.

யூசி சரியா இருந்தா ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு, போடுங்க. 10 ரூபா போஸ்டல் ஆர்டர், இல்லன்னா ஆன்லைன்ல. காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், ‘எங்க குழுவோட விண்ணப்பம் இன்னிக்கு எந்த நிலையில இருக்கு, ஃபைல்ல எழுதுன குறிப்போட நகல் வேணும்’னு ரெண்டு வரி போதும். 30 நாள்ல பதில் வரணும், வரலன்னா மேல்முறையீடு. ஏன் எங்கள வஞ்சிக்கிறீங்கன்னு எழுதாதீங்க, மனசு ஆறும், பதில் வராது.

இதுக்கு அப்புறம்தான் எம்பி. அவர் அந்தக் கமிட்டில இருக்கணும்னு அவசியமே இல்ல, சபையில எழுத்துப்பூர்வமா பதில் கேக்கற கேள்வி போதும். லோக்சபாவுல ஒரு நாளைக்கு 230 கேள்விக்கு எழுத்துல பதில் குடுக்கறாங்க, குறைஞ்சது 15 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், அதனால கூட்டத்தொடர் தேதி வந்த அன்னிக்கே போய் நிக்கணும். எழுதும்போது உங்க குழு பேர உள்ள போடாதீங்க. இப்படி எழுதுங்க: (அ) குரு-சிஷ்யப் பரம்பரை உதவித் திட்டத்துல கடந்த மூணு வருஷம் மாநிலவாரியா எத்தன குழுவுக்கு எவ்வளவு குடுத்தீங்க, (ஆ) அனுமதி குடுத்தும் பணம் போகாம நிக்கறது எத்தன, எத்தன மாசமா, (இ) காரணத்த குழுவுக்கு எழுத்துல சொல்றீங்களா, சொல்லலன்னா ஏன். இந்த (இ)யிலதான் உங்க மேட்டர் இருக்கு. பதில் அன்னிக்கே பார்லிமென்ட் வெப்சைட்ல வந்துரும், அந்த நகல வச்சு அமைச்சகத்துக்கு எழுதுனா அந்தக் கடிதத்துக்கு வர்ற மரியாதையே வேற.

பதில்ல ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்’னு வந்தா சோர்ந்துறாதீங்க. அது அரசாங்கம் குடுத்த வாக்குறுதியா கணக்காகும், உறுதிமொழிக் குழுன்னே ஒரு கமிட்டி 1953லேருந்து அத விரட்டுறதுக்குன்னு இருக்கு, மூணு மாசத்துல நிறைவேத்தணும்ங்கறது விதி. இழுத்தடிப்பாங்க, அது எனக்கும் தெரியும், ஆனா ரெக்கார்டுல நிக்கும்.

ஒரு விதிவிலக்கு மட்டும் நிறுத்தி நிதானமா சொல்லணும், இதுல மாட்டுனவங்க நிறைய. கமிட்டிக்கு நாமளே நேரா எழுதலாமான்னா, எழுதலாம், அவங்களே கேக்கும்போது. ஒரு விஷயத்த ஆராயறதுக்கு எடுத்தா செயலகம் பேப்பர்ல விளம்பரம் குடுக்கும், பொதுமக்கள் கருத்த எழுதி அனுப்புங்கன்னு, கொஞ்ச நாள்தான் டைம் இருக்கும். அப்ப நீங்க அனுப்பற மனு கமிட்டியோட ரகசிய ஆவணம் ஆயிரும். அனுப்புன கையோட ஃபேஸ்புக்ல போடறது, சங்க வாட்ஸப் குரூப்ல சுத்த விடறது, நிருபர் தம்பிக்கு ஒரு காப்பி குடுக்கறது, எதுவும் கூடாது, பார்லிமென்ட்டோட உரிமைய மீறுனதா எடுக்க முடியும், அந்த விளம்பரத்துலயே எழுதியிருப்பாங்க, யாரும் படிக்கறதில்ல. அப்ப என் குறைய நான் வெளிய பேசவே கூடாதான்னா, பேசலாம், உங்களுக்குப் பணம் வரலன்னு எங்க வேணா சொல்லலாம், அது உங்க உரிமை. கமிட்டிக்கு அனுப்புன அந்த மனுவ, அந்தத் தாள வெளியிடக்கூடாது. கமிட்டி அறிக்கை சபையில வைக்கிற வரைக்கும் பொறுக்கணும். ஒரு கலைஞர் சங்கத்துக்காரர் ஆர்வக்கோளாறுல மனுவ நோட்டீஸா அடிச்சு கோயில் கொடையில விநியோகம் பண்ணிட்டார், நல்ல மனு அது, ராத்திரியெல்லாம் உக்காந்து எழுதுனது, கடைசில அவர் கமிட்டிக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதாப் போச்சு. இதே மாதிரி தனி ஆள் குறைக்குன்னு மனுக்குழு ஒண்ணு ரெண்டு சபையிலயும் இருக்கு, தமிழ்ல எழுதலாம், ஆனா இங்கிலீஷ் இல்ல இந்தி மொழிபெயர்ப்பு வச்சு அதுலயும் நீங்க கையெழுத்துப் போடணும்.

வானொலிக்கு வாரேன். வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்துறது பிரசார் பாரதிங்கற அமைப்பு. அங்க எம்பி கேட்டாலும் ‘பிரசார் பாரதி தன்னாட்சி அமைப்பு, அவங்க தெரிவிச்சபடி’ன்னு ஆரம்பிச்சு பதில் வரும். ஆனா சம்பளம் அரசாங்கப் பணத்துல போகுது. 1990ல போட்ட பிரசார் பாரதி சட்டத்துல 12வது பிரிவுலயே நாட்டோட பல பகுதிகள்ல இருக்கற பண்பாடுகளுக்கும் மொழிகளுக்கும் போதுமான இடம் குடுக்கணும்னு கடமையா எழுதியிருக்கு. 13வது பிரிவு 22 எம்பிக்கள் அடங்குன ஒரு தனிக் கமிட்டி இத மேற்பார்வை பாக்கணும்ங்குது, அது சட்டப் புத்தகத்துலயே உறங்குது. லோக்கல் ரேடியோங்கற யோசனைய 1984ல நம்ம நாகர்கோவில்லதான் தொடங்குனாங்க, அந்தந்த ஊர்க் குரல் அந்தந்த ஊருக்குக் கேக்கணும்னு. பிராட்காஸ்டிங் கட்டமைப்புக்கு 2023ல 2,539 கோடிக்கு மேல ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்தாங்க, டிரான்ஸ்மிட்டர் வரும், ஸ்டூடியோ வரும், அந்த மைக் முன்னாடி உக்காந்து பாட ஆள கூப்பிடலன்னா என்னத்துக்கு அது.

அதனால ‘மேலிடம்’னு சொன்னா விட்டுறாதீங்க. நிலையத்துக்கே ஒரு ஆர்டிஐ போட்டு, மூணு வருஷத்து ஃபிக்ஸட் பாயின்ட் சார்ட் நகலும், அந்த வருஷங்கள்ல எத்தன வில்லுப்பாட்டு ரெக்கார்ட் பண்ணாங்க, கலைஞருக்கு எவ்வளவு குடுத்தாங்கங்கற கணக்கும், நிறுத்துன உத்தரவோட நகலும் கேளுங்க. அந்தச் சார்ட்ல என்னிக்கு எத்தன மணிக்கு என்ன நிகழ்ச்சின்னு கட்டம் கட்டமா இருக்கும், உங்க அரைமணி நேரம் இருந்த கட்டத்துல இப்ப வெளியூர் நிலையத்து நிகழ்ச்சிய அப்படியே அஞ்சல் பண்றதா இருந்தா அதுவே சாட்சி. மேலிட உத்தரவுன்னு ஒண்ணு எழுத்துல இல்லவே இல்லன்னும் பதில் வரலாம், நான் அப்படி நாலு இடத்துல பாத்தேன். அந்தப் பதிலோட நிலையத் தலைமை அதிகாரிய நேர்ல பாருங்க, வில்லையும் எடுத்துட்டுப் போங்க.

அந்த 40,000 ஆளு அனுப்புன வாட்ஸப் மெசேஜ டெலீட் பண்ணிராதீங்க, போன் நம்பரோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. திரும்ப வந்தா எந்த எம்பி, எந்தக் கமிட்டி, எந்தத் தேதி கூட்டம்னு எழுத்துல குடுங்கன்னு மட்டும் கேளுங்க. யூசிய பாத்துட்டு யூடின் இருக்கா இல்லையான்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க அண்ணாச்சி, அத வச்சு ஆர்டிஐய நான் எழுதித் தாரேன்.